மாமாவைக் கேளுங்க: இந்த வாரம் ஊலாங் வாரம்

போன இதழில் ஊலாங் டீயைப் பற்றி ஒரு வாசகருக்கு இரண்டே வரியில் பதில் எழுதினேன். வெண்ணந்தூர் சுற்றுவட்டாரமே பேனாவைத் தூக்கிவிட்டது. போகட்டும், இந்த வாரம் அரசியலுக்கும் சினிமாவுக்கும் விடுமுறை. தண்ணீரை அடுப்பில் வையுங்கள். பால் பாத்திரம் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும்.

கே: ஊலாங் என்பது கிரீன் டீயா, கறுப்பு டீயா? (தறிக்காரர், அத்தனூர்)

ப: இரண்டுக்கும் நடுவே. மூன்றுக்கும் ஒரே செடிதான், கமேலியா சைனென்சிஸ். பறித்த இலையைச் சீக்கிரமே சூடு காட்டி அடக்கினால் கிரீன் டீ. முழுக்கக் கறுக்க விட்டால் கறுப்பு டீ. பாதி வழியில் பிடித்து நிறுத்தினால் ஊலாங். பிறப்பில் பேதம் கிடையாது அண்ணா, எல்லாம் வளர்ப்பு.

கே: 'கறுக்க விடுவது' என்கிறீர்களே, அறிவியல்படி அது என்ன மாமா? (பிளஸ் டூ மாணவி, ராசிபுரம்)

ப: கத்தரிக்காயை நறுக்கித் தண்ணீரில் போடாமல் வேடிக்கை பார், கண்ணு. கொஞ்ச நேரத்தில் பழுப்பேறும். பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற நொதியின் கைங்கரியம் அது. தேயிலைக்குள்ளும் அதே நொதிதான். இலை கசங்கினால் செல் உடைகிறது. நொதி, பாலிபீனால், காற்று மூன்றும் சந்திக்கின்றன. தொழிற்சாலையில் இதைப் 'புளிக்கவைத்தல்' என்பார்கள், வாத்தியார் 'ஆக்சிஜனேற்றம்' என்பார். நுண்ணுயிருக்கு இதில் வேலை இல்லாததால் வாத்தியார் கட்சியே சரி. தேர்வில் அவர் சொன்னதை எழுது. மலையில் வேலை கிடைத்தால் மேஸ்திரி சொன்னதைச் சொல்.

கே: பாதி என்றால் எவ்வளவு பாதி? (கணக்குப்பிள்ளை, ஆண்டகளூர் கேட்)

ப: ஏறக்குறைய 10 சதவீதத்தில் தொடங்கி 80 வரைக்கும் ஊலாங்தான். கீழ்ப்பக்கம் நின்றால் பச்சை வாசமும் பூ மணமும். மேல்பக்கம் ஏறினால் தேன், பழம், வறுத்த மணம். இவ்வளவு அகலமான 'பாதி'யைப் பங்காளிகள் சொத்துப் பிரிக்கும்போதுதான் பார்த்திருக்கிறேன்.

கே: செய்முறையைச் சுருக்கமாகச் சொல்லுங்கள். வேலைக்குப் போகலாமா என்று பார்க்கிறேன். (பட்டதாரி, மல்லூர்)

ப: இலையை வெயிலிலும் நிழலிலும் வாட்ட வேண்டும். பிறகு மூங்கில் தட்டிலோ உருளையிலோ போட்டு உலுக்க வேண்டும். ஓரம் மட்டும் நசுங்கிச் சிவக்கும், நடு இலை பச்சையாகவே இருக்கும். ஓய்வு கொடுத்து மறுபடி உலுக்கல், மறுபடி ஓய்வு. மணம் சரியான இடத்துக்கு வந்த நொடியில் சூடேற்றி நொதியை அடக்கி, உருட்டி, உலர்த்த வேண்டும். கண் அசந்தால் கறுப்பு டீ, பதறினால் கிரீன் டீ. நைட் ஷிப்ட் உண்டு தம்பி, செல்போன் பார்க்க நேரம் இருக்காது.

கே: சுவை எப்படி? ஒரே வரியில் சொல்லவும். (அவசரக்காரர், மின்னாம்பள்ளி)

ப: முதல் வாயில் 'ஒன்றுமே இல்லையே', மூன்றாம் வாயில் 'என்னமோ இருக்கிறதே', டம்ளர் காலியானதும் 'இன்னும் கொஞ்சம் இருக்குங்களா'.

கே: ஒரு வரி போதவில்லை. (அதே அவசரக்காரர், மின்னாம்பள்ளி)

ப: தெரியும். ஊலாங்கில் நாக்குக்கு வேலை கம்மி, மூக்குக்குத்தான் ஓவர்டைம். ரோஜாவில் இருக்கும் ஜெரானியால் இதிலும் உண்டு. கொத்தமல்லி விதைக்கு மணம் தரும் லினலூலும் உண்டு. நீலகிரி இலையில் துவர்ப்பு கொஞ்சம், பூ மணமும் பழ வாசமும் தூக்கல். விழுங்கிய பிறகு தொண்டையில் ஓர் இனிப்பு திரும்பி வரும். வரவில்லை என்றால் நீங்கள் அவசரப்பட்டு விழுங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

கே: இது சீனச் சரக்குதானே? நம் ஊரில் யார் செய்கிறார்கள்? (தேசபக்தர், புதுப்பாளையம்)

ப: பிறந்த இடம் சீனாவின் ஃபூஜியன் மாகாணம், வூயி மலை. பேர் வாங்கியதில் தைவானுக்கும் பெரிய பங்கு. டார்ஜிலிங்கிலும் செய்கிறார்கள். நம் நீலகிரியில் குன்னூர்ப் பக்கம் பில்லிமலை, கிளென்டேல் தோட்டக்காரர்கள் செய்திருக்கிறார்கள். ஆக, மேட்டுப்பாளையத்துக்கு மேலே ஒரு உலகச் சரக்கு தயாராகிறது. நாமோ ஊட்டிக்குப் போய் வர்க்கியும் யூகலிப்டஸ் தைலமும் வாங்கிக்கொண்டு திரும்புகிறோம்.

கே: எல்லாச் செடியிலும் ஊலாங் வருமா? (நர்சரி வைத்திருப்பவர், பனமரத்துப்பட்டி)

ப: செய்தால் வரும், குடிக்கிற மாதிரி வருமா என்பது வேறு. சின்ன இலைச் சீன வகைக்கு மணம் அதிகம், பெரிய இலை அசாம் வகைக்குக் கடுப்பு அதிகம். நீலகிரியில் சி.ஆர். 6017 என்று ஒரு குளோன். கிரெய்க்மோர் தோட்டத்தில் தேர்ந்தெடுத்தது, வாசனைக்குப் பேர் போனது. பெயரைப் பார்த்து லாரி நம்பர் என்று நாமக்கல்காரர்கள் நினைக்க வேண்டாம்.

கே: ஊட்டியில் குடித்தபோது அமிர்தம். அதே பாக்கெட்டை வெண்ணந்தூரில் போட்டால் கசக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா? (சுற்றுலாப் பயணி, வெண்ணந்தூர்)

ப: ஏமாற்றியது பூகோளம். கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். வெண்ணந்தூரில் 99 டிகிரி வரை போகும். ஊலாங்குக்கு வேண்டியது 85 முதல் 95. மேலே மலையே தெர்மாமீட்டர் வேலை பார்க்கிறது, கீழே நீங்கள் பார்க்க வேண்டும். கொதித்ததும் இறக்கி இரண்டு, மூன்று நிமிடம் ஆறவிட்டு இலை மேல் ஊற்றுங்கள். ஊட்டிக்குப் போகிற பஸ் காசு மிச்சம்.

கே: டீயின் மேல் எண்ணெய்ப் படலம் மாதிரி மினுக்குகிறதே? (இல்லத்தரசி, அலவாய்ப்பட்டி)

ப: எண்ணெய் இல்லை அம்மணி, உங்கள் போர் தண்ணீர். அதில் கரைந்திருக்கும் கால்சியமும் பைகார்பனேட்டும் தேயிலையின் பாலிபீனாலோடு சேர்ந்து மேலே படலம் கட்டும். மணமும் அடங்கிவிடும். ஒரு சொட்டு எலுமிச்சை விட்டால் படலம் ஓடும், ஊலாங்கும் கூடவே ஓடும். காவிரித் தண்ணீர் வருகிற நாளில் ஒரு குடம் ஒதுக்கி வையுங்கள். எல்லா உப்பையும் துடைத்தெடுத்த ஆர்.ஓ. தண்ணீரும் வேண்டாம், டீ சப்பென்று ஆகும். கொஞ்சம் உப்பு வேண்டும், தண்ணீருக்கும் பேச்சுக்கும்.

கே: எத்தனை ஸ்பூன் போட வேண்டும்? (புதுமணப்பெண், குருசாமிபாளையம்)

ப: ஸ்பூனை நம்பாதே கண்ணு. முறுக்கிய நீள இலை ஒரு ஸ்பூன் போட்டால் ஒரு கிராம்கூடத் தேறாது, உருண்டையாகச் சுருட்டிய இலை அதே ஸ்பூனில் மூன்று கிராம் உட்கார்ந்துகொள்ளும். 150 முதல் 200 மில்லி தண்ணீருக்கு 2 முதல் 3 கிராம். சின்னத் தராசு ஒன்று வாங்கு. தங்கம் நிறுக்க வழியில்லாத விலையில் தேயிலையாவது நிறுப்போம்.

கே: எத்தனை நிமிடம் ஊறவேண்டும்? (ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், சௌதாபுரம்)

ப: இரண்டிலிருந்து மூன்று நிமிடம், ஐயா. அதற்குமேல் கேட்டீன்களும் டானின் வகையறாக்களும் வரிசையாக இறங்கி வந்து நாக்கைப் பிடித்து இழுக்கும். நேரமானதும் இலையையும் நீரையும் பிரித்துவிடுங்கள். மணி அடித்தும் வகுப்பை விடாத வாத்தியார்களுக்கு இது கைவருவது சிரமம்.

கே: கொதிக்கும் தண்ணீரிலேயே போட்டு ஐந்து நிமிடம் கொதிக்கவிட்டால் என்ன? (பொறுமையில்லாதவர், ஆயிபாளையம்)

ப: கஷாயம் கிடைக்கும். சளிக்கு ஆகாது, ருசிக்கும் ஆகாது.

கே: ஒரே இலையில் மூன்று தடவை போடலாமாமே? இது கஞ்சத்தனத்துக்கு வைத்த நாகரிகப் பெயர்தானே? (வட்டிக்கடைக்காரர், ராசிபுரம்)

ப: உங்களுக்குப் பிடித்த செய்திதான். முழு இலை தன்னிடம் உள்ளதை ஒரேயடியாகக் கொடுக்காது, மெல்ல அவிழ்ந்து மெல்லத் தரும். சீன முறையில் 100 மில்லிக்கு 5 கிராம் போட்டு, 20, 30 வினாடியில் வடித்து, ஐந்தாறு சுற்று வருவார்கள். முதல் சுற்றில் மணம், இரண்டாவதில் ருசி, மூன்றாவதில் இனிப்பு. அசல் அப்படியே நிற்க, வட்டி மட்டும் வந்துகொண்டிருப்பது உங்களுக்குப் புதிதா என்ன?

கே: முதல் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும் என்று வீடியோவில் சொன்னார்களே? (செல்போன் சீடர், வீரபாண்டி)

ப: இறுக்கி உருட்டிய சீன, தைவான் உருண்டைகளுக்கு அந்த உபசாரம் தேவை, இலை நெகிழும். நம் நாட்டு ஊலாங் பெரும்பாலும் தளர முறுக்கிய இலை. முதல் தண்ணீரிலேயே பாதி வாசம் வந்துவிடும். அதைக் கொட்டினால் அந்த ஊலாங்கைக் குடிப்பது உங்கள் வீட்டுச் சிங்க்.

கே: பால் ஊற்றினால் குற்றமா? (பால் சொசைட்டி உறுப்பினர், மல்லசமுத்திரம்)

ப: சட்டப்படி குற்றமில்லை. பாலில் உள்ள கேசீன் என்ற புரதம் பாலிபீனாலைக் கட்டிப் பிடித்துக்கொள்ளும். கடுப்பான தூள் டீக்கு அது நல்லது, கடுப்பு அடங்கும். ஊலாங்கில் அடக்கக் கடுப்பே இல்லை, அதனால் மணத்தை அடக்கிவிட்டுப் போகும். உங்கள் பாலை நெய்யாக்கி ராசிபுரத்துக்கு அனுப்புங்கள், அங்கே மரியாதை அதிகம்.

கே: நாட்டுச்சர்க்கரை? (இயற்கை ஆர்வலர், வையப்பமலை)

ப: பொங்கலுக்கு.

கே: என் கடையில் ஊலாங் வைத்தால் ஓடுமா? (டீ மாஸ்டர், ஆட்டையாம்பட்டி)

ப: கணக்குப் போடுவோம் மாஸ்டர். கிலோ 4,000 ரூபாய் என்று வையுங்கள். கப்புக்கு 2.5 கிராம் என்றால் கிலோவுக்கு 400 கப், இலைச் செலவு கப்புக்குப் பத்து ரூபாய். ஒரே இலையில் மூன்று சுற்று விட்டால் கப்புக்கு மூன்று ரூபாய் சொச்சம். கணக்கு இடிக்கவில்லை. ஆனால் மூன்று சுற்றும் குடிக்க ஒருவர் ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்காருவார், பேப்பரையும் விடமாட்டார். பெஞ்சுக்குத் தனி பில் போடத் துணிவிருந்தால் ஆரம்பியுங்கள்.

கே: நாம் தினமும் குடிக்கும் தூள் டீ எப்படி வந்தது? (லாரி டிரைவர், நாமக்கல்)

ப: 1930களில் அசாமில் வில்லியம் மெக்கெர்ச்சர் என்ற தோட்டத்துரை கொண்டுவந்த சி.டி.சி. இயந்திரத்தின் தயவு. பல் வைத்த உருளைகளுக்கிடையே இலை நசுங்கி, கிழிந்து, சுருண்டு வெளியே வரும். எல்லாச் செல்லும் ஒரே நேரத்தில் உடைவதால் சீக்கிரம் கறுக்கும், சீக்கிரம் சாயம் இறங்கும், பாலுக்கும் ஈடு கொடுக்கும். இந்தியா ஆண்டுக்கு உண்டாக்கும் ஏறக்குறைய 130 கோடி கிலோ தேயிலையில் பெரும்பகுதி இதுதான். ஊலாங் இலையைத் தட்டி எழுப்புகிறது, சி.டி.சி. உதைத்து எழுப்புகிறது. ராத்திரி இரண்டு மணிக்கு நாக்பூர் ரோட்டில் உங்களுக்கு வேண்டியது இரண்டாவது.

கே: பூச்சி கடித்த இலைக்கு விலை அதிகமாமே, கலி முற்றிவிட்டதா? (காய்கறி வியாபாரி, திருச்செங்கோடு)

ப: முற்றியது கலி அல்ல, மணம். தைவானில் 'ஓரியன்டல் பியூட்டி' என்ற ஊலாங் உண்டு. பச்சைத் தத்துப்பூச்சி சாறு உறிஞ்சிய இலைதான் அதற்கு வேண்டும். கடி வாங்கிய செடி தற்காப்புக்காகச் சுரக்கும் வாசனைப் பொருள்தான் தேன் மணமாகிறது. டார்ஜிலிங்கின் இரண்டாம் பருவ இலையில் வரும் திராட்சை மணத்திலும் இப்பூச்சி வகைக்குப் பங்கு உண்டு. பூச்சி வர வேண்டுமென்றால் மருந்து அடிக்க முடியாது. நீங்கள் சொத்தை வெண்டைக்காயை இதைச் சொல்லி விற்கப் பார்க்காதீர்கள், வாசகர்கள் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

கே: கிரீன் டீக்கு ஒரு செடி, கறுப்பு டீக்கு ஒரு செடி என்று வெள்ளைக்காரர்கள் நம்பினார்களாமே? (வரலாற்று மாணவர், அரசுக் கல்லூரி)

ப: சாதாரண வெள்ளைக்காரரா? தாவரங்களுக்கெல்லாம் பெயர் சூட்டிய லின்னேயஸே இரண்டு இனம் என்று எழுதிவைத்தார். கிழக்கிந்தியக் கம்பெனி 1848இல் ராபர்ட் ஃபார்ச்சூன் என்ற தோட்டக்கலைஞரைச் சீனாவுக்கு ஏவியது. மனிதர் முன்தலையை மழித்து, சடை வைத்து, சீன உடுப்பு மாட்டி, வூயி மலை வரை போனார். இரண்டும் ஒரே செடி என்று கண்டு சொன்னதோடு, செடிகளையும் தொழில் தெரிந்த ஆட்களையும் இந்தியாவுக்கு அனுப்பினார். பழனிக்குப் போகாமலே மொட்டை போட்டுப் பலன் கண்ட ஒரே ஆள்.

கே: நீலகிரித் தேயிலைக்கும் சீனக் கைதிகளுக்கும் என்ன சம்பந்தம்? (மர்மக் கதை வாசகர், சேலம்)

ப: மலாயா பக்கத்து ஆங்கிலேயக் குடியேற்றங்களில் சிறை நிரம்பியதால் சீனக் கைதிகள் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பட்டார்கள். நடுவட்டத்துச் சின்கோனாத் தோட்டத்தில் வேலை செய்தார்கள். விடுதலைக்குப் பின் சிலர் தமிழ்ப் பெண்களை மணந்து அங்கேயே தங்கினார்கள், மானுடவியலாளர் எட்கர் தர்ஸ்டன் இதை எழுதியிருக்கிறார். தேயிலை செய்யக் கற்றுக்கொடுத்ததும் அவர்களே என்பது மலையில் உலவும் கதை. தர்ஸ்டன் அதைத் தோண்டி விசாரித்திருக்கலாம். அவருக்கு ஆட்களைக் கண்டால் மூக்கை அளக்கத்தான் நேரம் இருந்தது.

கே: நம் ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் ஏன் தேயிலைக்குப் பேர் இல்லை? (சேர்வராயன் பக்தர், சேலம்)

ப: தேயிலைக்கு அமில மண் வேண்டும், கார அமில அளவு 4.5 முதல் 5.5 வரை. வருஷம் முழுக்கப் பரவலாக மழையும் வேண்டும். நீலகிரிக்கு இரண்டு பருவமழையும் கிடைக்கிறது, நம் மலைகளுக்கு வறண்ட மாதங்கள் நீளம். போதாததற்கு, 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் ஏற்காட்டில் காபியை ஊன்றிவிட்டார். கொல்லிமலை மிளகு, அன்னாசி, பலா என்று குடும்பம் நடத்துகிறது. இருக்கிற இடத்தில் சௌக்கியமாக இருக்கிறவர்களை ஏன் மாற்ற வேண்டும்?

கே: அலவாய்மலையில் நாலு செடி வைத்துப் பார்க்கலாமா? (தொழில் முனைவோர், வெண்ணந்தூர்)

ப: ஆடுகளிடம் அனுமதி வாங்கினீர்களா?

கே: உறைபனி டீ என்று ஒன்று இருக்கிறதாமே? (குளிர் தாங்காதவர், மல்லூர்)

ப: டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நீலகிரி உச்சியில் இரவு வெப்பம் பூஜ்யத்தை எட்டிப் பார்க்கும். செடி வளர்ச்சியைக் குறைத்துக்கொள்ளும், கொழுந்து மெல்ல வரும், மணம் இலையில் சேரும். அந்தக் கொழுந்தில் செய்த ஊலாங்குக்குப் பூ மணம் அள்ளும். விடியற்காலையில் அதைக் கிள்ளப் போகும் பெண்களின் விரல் விறைப்பதும் விலையில் சேர வேண்டும். சேருவதாகத் தெரியவில்லை.

கே: தேயிலை லட்சக்கணக்கில் விற்கிறதாமே? விவசாயி கோடீஸ்வரர்தானே? (கனவு காண்பவர், அத்தனூர்)

ப: 2006இல் லாஸ் வேகஸ் ஏலத்தில் நீலகிரி டீ ஒன்று கிலோ 600 டாலருக்குப் போனது. 2022இல் அசாமின் மனோகரி கோல்டு கிலோ 1,15,000 ரூபாய். இப்போது கீழே இறங்குவோம். ஒரு கிலோ தூளுக்கு நாலு, நாலரை கிலோ பச்சை இலை வேண்டும். அந்தப் பச்சை இலைக்குக் கட்டுப்படியாகும் விலை கேட்டு நீலகிரிச் சிறு விவசாயிகள் 2023இல் உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். ஏலத்தில் பேர் வாங்குவது டீ, பந்தலில் பட்டினி கிடப்பது விவசாயி.

கே: 'டேன்டீ' எதற்கு ஆரம்பித்தார்கள்? (பொது அறிவுப் புலி, நாமக்கல்)

ப: 1964இல் சிரிமாவோ சாஸ்திரி ஒப்பந்தம். இலங்கை மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதாகக் கையெழுத்து. திரும்பி வந்தவர்களுக்கு வேலை தர 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கியது, அதுவே பிறகு டேன்டீ. அவர்களின் பாட்டன் பூட்டன்களில் சேலம் ஜில்லாவிலிருந்து கப்பலேறியவர்களும் உண்டு. ஒப்பந்தம் போட்ட மேசையில் டீ நிச்சயம் இருந்திருக்கும், கிள்ளியவர்களில் ஒருவரையும் கேட்டிருக்க மாட்டார்கள்.

கே: டீ போடுவதற்குச் சர்வதேச விதி உண்டு என்கிறான் என் பேரன். நிஜமா? (தாத்தா, சிங்களாந்தபுரம்)

ப: பேரன் கெட்டிக்காரன். ஐ.எஸ்.ஓ. 3103. பீங்கான் பாத்திரம், 100 மில்லிக்கு 2 கிராம், கொதிநீர், 6 நிமிடம். இதன் ஆங்கிலேய மூலம் ஆறு பக்கம். அதற்காகப் பிரிட்டிஷ் தரநிர்ணயக் கழகத்துக்கு 1999இல் இலக்கியத்துக்கான 'இக் நோபல்' என்ற கேலிப் பரிசு கிடைத்தது. குறையெல்லாம் வெளியே வரட்டும் என்று ருசி பார்ப்பவர்கள் ஒப்பிடுவதற்காக எழுதிய விதி அது. அப்படி ஊறிய ஊலாங்கைக் குடித்த விருந்தாளி மறுபடி வரமாட்டார். சில விருந்தாளிகளுக்குச் சிபாரிசு செய்கிறேன்.

கே: மண் கூஜா, சீனக் குடுவை எல்லாம் வாங்க வேண்டுமா? (சிக்கனக்காரர், மின்னாம்பள்ளி)

ப: மூடி போட்ட பீங்கான் கப்போ கண்ணாடிப் பாத்திரமோ போதும். இலை விரிய இடம் வேண்டும், அதனால் சங்கிலியில் தொங்கும் குட்டி உருண்டை வடிகட்டி வேண்டாம். எவர்சில்வர் டம்ளரும் பாவமில்லை, உதடுதான் சுடும்.

கே: கோடையில் கொதிக்கக் கொதிக்க எப்படிக் குடிப்பது? (வியர்வைக்காரர், வெண்ணந்தூர்)

ப: குடிக்காதீர்கள். ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் 6 கிராம் போட்டு, மூடி, ராத்திரி ஃப்ரிட்ஜில் வையுங்கள். காலையில் வடித்தால் கசப்பு துளிகூட இருக்காது. குளிர்ந்த நீரில் மணமும் இனிப்பும் இறங்கும், கடுப்பு கீழேயே தங்கிவிடும். கேஸ் விலைக்கு எதிராக என்னால் முடிந்த போராட்டம் இது.

கே: ஆட்டையாம்பட்டி முறுக்கா, சேலத்துத் தட்டுவடை செட்டா? ஊலாங்குக்கு எது ஜோடி? (தின்பண்டப் பிரியை, சேலம்)

ப: தட்டுவடை செட்டில் பூண்டும் புதினாச் சட்னியும் மேடை ஏறிவிட்டால் ஊலாங் மைக்கைக் கீழே வைத்துவிடும். முறுக்கு நிதானமான ஆள், கொஞ்சம் வறுத்த ஊலாங்கோடு ஒத்துப்போவார். செட்டுக்கு நம் பாய்லர் டீதான் சரி. ஜாதகம் பார்த்தாகிவிட்டது.

கே: எங்கே பத்திரப்படுத்துவது? (மஞ்சள் வியாபாரி, நாமகிரிப்பேட்டை)

ப: உங்கள் குடோனைத் தவிர எங்கு வேண்டுமானாலும். காற்று, வெளிச்சம், ஈரம் மூன்றும் ஆகாது, இறுக்கமான தகர டப்பா நல்லது. தேயிலை பக்கத்து வாசனையை இழுத்துக்கொள்ளும். பெருங்காய டப்பாவுக்கு அருகில் வைத்தால் ஒரு மாதத்தில் ரசம் குடிக்கலாம்.

கே: நல்ல சரக்கு என்று கண்டுபிடிப்பது எப்படி? (சந்தேகப் பிராணி, திருச்செங்கோடு)

ப: குடித்து முடித்ததும் ஊறிய இலையைத் தட்டில் விரித்துப் பாருங்கள். முழு இலை, சிவந்த ஓரம், பச்சை நடு, கசக்கினால் துணி போல் மெத்தென்று இருக்க வேண்டும். தூளும் காம்பும் தேறினால் கடையை மாற்றுங்கள். சாதாரண டீத்தூளுக்கு இன்னொரு சோதனை: ஈரமான வடிதாளில் தூவினால் உடனே சாயம் ஒழுகும் சரக்கு கலப்படம். டீக்குச் சாயம் தேவையில்லை, அது நூலுக்கு. வெண்ணந்தூர்க்காரர்களுக்கு நான் சொல்லவேண்டுமா?

கே: உடல் எடை குறையுமா? (கவலைக்காரி, ராசிபுரம்)

ப: பர்ஸின் எடை நிச்சயம் குறையும். மற்றது, சர்க்கரையும் பாலும் போட்ட நாலு டீயை நிறுத்தி அந்த இடத்தில் இதைக் குடித்தால், நிறுத்தியதற்குப் பலன் உண்டு. அந்தப் புகழை ஊலாங் வாங்கிக்கொள்ளும்.

கே: இரத்தசோகைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். குடிக்கலாமா? (கல்லூரி மாணவி, ஆண்டகளூர் கேட்)

ப: குடி, ஆனால் சோற்றோடும் மாத்திரையோடும் சேர்க்காதே. கீரை, பருப்பில் வரும் இரும்புச்சத்தைத் தேயிலையின் பாலிபீனால் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விடு. முருங்கைக்கீரை சாப்பிட்ட புண்ணியத்தை டம்ளரில் கரைக்காதே. மாத்திரை விஷயத்தில் மாமா சொல்வதைவிட டாக்டர் சொல்வதைக் கேள்.

கே: ராத்திரி குடித்தால் தூக்கம் வருமா? (விசைத்தறி ஓட்டுபவர், வெண்ணந்தூர்)

ப: கப்புக்கு 30 முதல் 50 மில்லிகிராம் வரை காபீன் இருக்கும், காபியில் பாதி என்று வையுங்கள். தூக்கம் தள்ளிப்போகும். பக்கத்தில் எட்டுத் தறி ஓடும்போதே தூங்கப் பழகியவரை ஒரு டம்ளர் ஊலாங் என்ன செய்துவிடும்?

கே: பெண் பார்க்க வருகிறவர்களுக்கு ஊலாங் கொடுக்கலாமா? (மணப்பெண்ணின் அப்பா, அத்தனூர்)

ப: தாராளமாக. 'இதென்ன, வெந்நீரா?' என்று கேட்கும் சம்பந்தியம்மாவை நிச்சயத்துக்கு முன்பே அடையாளம் காணலாம். இவ்வளவு மலிவான விசாரணைக் கமிஷன் நாட்டில் வேறு இல்லை.

கே: என் வீட்டுக்காரர் ஊலாங் வாங்கி வந்ததிலிருந்து தினமும் பாடம் எடுக்கிறார். தாங்கவில்லை. (பெயர் வேண்டாம், புதுப்பாளையம்)

ப: நாளைக்கு நீங்களே போடுங்கள். பத்து நிமிடம் ஊறவிட்டு, முகத்தைப் பார்த்தபடி நீட்டுங்கள். பாடம் நிற்கும்.

கே: இவ்வளவு எழுதிவிட்டீர்கள், ஊலாங்கால் மனிதனுக்கு ஏதாவது புத்தி வருமா? (தத்துவவாதி, அலவாய்ப்பட்டி)

ப: வரும். செய்கிறவர் இலை முழுசாய்க் கறுப்பதற்குள் நிறுத்துகிறார், குடிக்கிறவர் கசப்பதற்குள் வடிக்கிறார். ஆரம்பிக்க எல்லோருக்கும் தெரியும். எங்கே நிறுத்துவது என்று தெரிந்தவன் கையில்தான் டீயும் நிற்கும், நாக்கும் நிற்கும். மேடைப் பேச்சாளர்களுக்கு ஆளுக்கு நூறு கிராம் இலவசமாகக் கொடுக்க அரசு ஆவன செய்யலாம்.

கே: உண்மையைச் சொல்லுங்கள் மாமா, நீங்கள் தினமும் குடிப்பது எது? (உளவாளி, வெண்ணந்தூர் பஸ் ஸ்டாண்ட்)

ப: காலை ஆறு மணிக்குப் பாய்லர் டீ, அரைச் சர்க்கரை, நுரை தளும்ப. மதியம் மூன்று மணிக்கு ஊலாங், பக்கத்தில் ஆள் இல்லாமல். முதலாவது தொண்டைக்கு, இரண்டாவது மூக்குக்கு. இரண்டையும் ஒரே பாத்திரத்தில் கலந்து 'புது ஐட்டம்' என்று எவராவது கிளம்பினால் எனக்குக் கேள்வி அனுப்ப வேண்டாம், அட்ரஸை அனுப்புங்கள். நேரிலேயே வந்து பதில் சொல்கிறேன்.